9,000 ரூபாயா, 16,000 ரூபாயா? பொறியியல் முடித்தவர்களின் முதல் வருஷக் கணக்கு

பொறியியல் முடித்த பிள்ளைக்கு முதல் ஆஃபர் லெட்டர் வந்ததும், வீட்டில் எல்லோருடைய கண்ணும் போவது சம்பளம் எழுதியிருக்கும் வரிக்குத்தான். தப்பில்லை. நாலு வருஷம் ஃபீஸ் கட்டிய வீடு அப்படித்தான் பார்க்கும். இந்த வாரம் அந்தக் கடிதத்தின் உச்சியையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். அங்கே அச்சாகியிருப்பது யாருடைய பெயர்? நீங்கள் வேலை செய்யப்போகும் கம்பெனியா, அந்தக் கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தள்ளிவைக்க முடியாத கேள்வி. விழுப்புரத்தில் காகுப்பம், திண்டிவனத்தில் மேல்பாக்கம் என இரண்டு இடங்களில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. படிப்பு வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வேலை இப்போதுதான் மெள்ள வர ஆரம்பித்திருக்கிறது. வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 31 கோடி ரூபாய் செலவில் கட்டிய மினி டைடல் பூங்கா 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பரப்பு 63,000 சதுர அடி. திண்டிவனம் சிப்காட்டில் 400 கோடி ரூபாயில் ஆலை அமைக்க டாபர் நிறுவனம் அதே வருஷம் ஆகஸ்ட்டில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. நேரடி வேலை சுமார் 250 பேருக்கு என்றார்கள். நல்ல செய்திதான். ஆனால், இந்த வட்டாரக் கல்லூரிகளிலிருந்து ஒரே வருஷத்தில் பட்டத்தோடு வெளியே வருபவர்கள் அதைவிட அதிகம். மீதிப் பேர் மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று பஸ் ஏறுகிறார்கள்.

அங்கே முதலில் கிடைப்பது பெரும்பாலும் கான்ட்ராக்ட் வேலை. மாதம் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ரூம் வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாம் கழித்தால் கையில் நிற்பது எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். செலவைக்கூட விடுங்கள். இரண்டாவது வேலைக்குப் போகும்போதுதான் நிஜச் சிக்கல் தெரியும். உங்கள் பி.எஃப் கணக்கைத் திறந்தால், எங்கே வேலை பார்த்தீர்கள் என்ற இடத்தில், பணம் கட்டிய கான்ட்ராக்டரின் பெயர்தான் இருக்கும். பெரிய கார் கம்பெனியின் லைனில் ஒரு வருஷம் நின்றிருப்பீர்கள். அந்தக் கம்பெனியின் பெயரில் உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

இதற்கு மாற்றாக ஒரு பழைய வழி இருக்கிறது. 1961-ம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். முதலில் ஐ.டி.ஐ மாதிரியான தொழில் பயிற்சிக்காக வந்த சட்டம். 1973-ல் திருத்தி பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ முடித்தவர்களையும் சேர்த்தார்கள். பட்டதாரிகளுக்கான பயிற்சித் திட்டத்தைச் சுருக்கமாக 'நாட்ஸ்' என்கிறார்கள். தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. 'எங்க கம்பெனியில் அதெல்லாம் இல்லையே' என்று யாராவது சொன்னால், இந்த விதியை மனதில் வைத்துக்கொண்டு ஹெச்.ஆரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பயிற்சி ஒரு வருஷம். 2019-ல் திருத்திய விதி, பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 என்று நிர்ணயித்தது. நிறுவனம் விரும்பினால் கூடுதலாகவும் தரலாம். விண்ணப்பிக்கும்போது அந்தந்த அறிவிப்பில் உள்ள தொகையைப் பாருங்கள். குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. 2024-ல் நாட்ஸ் இணையதளத்தைப் புதுப்பித்த பிறகு, அந்தப் பங்கைப் பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பத் தொடங்கினார்கள். அதனால், ஆதார் இணைத்த கணக்கு கட்டாயம் வேண்டும். ஒரு மாதத்து உதவித்தொகையை அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் தந்துவிட வேண்டும் என்றும் விதி சொல்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி நீங்கள் பயிற்சி பெறுபவர், தொழிலாளி இல்லை. பி.எஃப், இ.எஸ்.ஐ கிடையாது. வருஷம் முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 9,000 ரூபாயில் சென்னைப் பக்கம் ரூம் எடுத்துத் தங்குவது நடக்காத காரியம். என் வயசுக்காரர்கள் இதைக் கேட்டதுமே ஸ்க்ரோல் பண்ணிவிட்டுப் போவார்கள், தெரியும்!

இடம் உள்ளூர் என்றால் கணக்கு மாறும். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம், பழைய ஆட்களுக்குத் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்றால் சட்டென்று தெரியும், இந்தத் திட்டத்தில் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ முடித்தவர்களையும் எடுக்கிறது. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படித்தவர்களுக்கு பஸ் பணிமனையைவிட நல்ல வகுப்பறை எது? இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள், கை வைத்துப் பார்க்கலாம். பக்கத்து மாவட்டத்தில் நெய்வேலி என்.எல்.சி-யும் பட்டதாரிப் பழகுநர்களை எடுக்கிறது. வீட்டிலிருந்து போய்வர முடிந்தால், 9,000 ரூபாயில் பெரும்பகுதி கையில் நிற்கும். முடிவில் கிடைப்பது மத்திய அரசின் சான்றிதழ். அதில் நிறுவனத்தின் பெயரும் இருக்கும்.

கல்விக்கடன் வாங்கிய வீடுகளுக்கு ஒரு விஷயம். வங்கிகளின் பொதுவான கல்விக்கடன் திட்டத்தில், படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை தொடங்கும். வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். பயிற்சியும் சரியாக ஒரு வருஷம்தான். தேர்வு முடிந்த கையோடு சேர்ந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக முடியும். ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டுச் சேர்ந்தால், பயிற்சி நடக்கும்போதே வங்கியிலிருந்து போன் வரும்.

வீட்டுச் சூழ்நிலை இடம் கொடுக்காமல் கான்ட்ராக்ட் வேலைக்குப் போவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். நாட்ஸில் சேர, பட்டம் பெற்று 5 வருஷத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு வருஷமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருக்கக் கூடாது. '16,000 ரூபாய்க்கு ஒரு வருஷம் போய்விட்டு வந்து பிறகு பார்க்கலாம்' என்று நினைத்தால், திரும்பி வரும்போது அந்தக் கதவு மூடியிருக்கும். கான்ட்ராக்ட் வேலையில் சேர்ந்தவர்கள், ஒரு வருஷம் நிறைவதற்கு முன்பே உட்கார்ந்து யோசித்துவிடுங்கள்.

எங்கே சேர்ந்தாலும், ஒரிஜினல் சான்றிதழ்களைக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். 'நாட்ஸில் இடம் வாங்கித் தருகிறோம்' என்று கன்சல்டன்சிக்காரர் பணம் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள். பதிவு இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் நாட்ஸ் இணையதளத்தில் போனிலேயே செய்துவிடலாம். பட்டச் சான்றிதழ் அல்லது புரொவிஷனல், ஆதார், வங்கிக் கணக்கு விவரம், போட்டோ இருந்தால் போதும். சரிபார்த்துப் பதிவு எண் வர ஒரு நாளாவது ஆகும். போக்குவரத்துக் கழக அறிவிப்பு வந்த பிறகு, கடைசித் தேதி அன்று ராத்திரி உட்கார்ந்தால் வேலைக்காகாது. அறிவிப்பு வரும் முன்பே, இன்றைக்கே அந்த எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.