குருத்தைப் பார்த்தீர்களா?

டெக்சாஸ் கடற்கரை ஊரான கால்வெஸ்டனிலிருந்து தம்பி மகள் ஒரு படம் அனுப்பினாள். பார்த்ததிலிருந்து எரிச்சல். புயல் காலம் வருகிறதென்று வரிசைப் பனைகளின் பச்சை மட்டைகளைக் கழித்து, உச்சியில் நாலு ஓலையை மட்டும் விட்டிருக்கிறார்கள். ரம்பக்காரர்களோடு எனக்குள்ள பகை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் புதிதல்ல. காற்றுக்குப் பிடிமானம் குறையுமாம்! சுற்றியுள்ள பச்சை மட்டைதான் குருத்துக்குக் காப்பு.

அந்த ஊர் பனையின் பலத்தைக் கண்ணால் கண்ட ஊர். 2008 செப்டம்பரில் ஐக் புயல் கடலை ஊருக்குள் கொண்டுவந்தது. உப்புநீர் நின்று ஏறத்தாழ 40,000 மரங்கள் பட்டுப்போயின. ஓக் மரங்களுக்குத்தான் பெரிய அடி. பட்ட ஓக்குகள் சிலவற்றைச் சிலைகளாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பனைகளோ பெரும்பாலும் நின்றன. தண்டு முழுக்க நார்க்கற்றை, அதனால் வளையும், எளிதில் ஒடியாது. ‘கஜா புயலில் எங்கள் தென்னை சாயவில்லையா?’ என்று பட்டுக்கோட்டை வாசகர் கேட்பார். சாய்ந்ததுதான் ஐயா, தென்னையை நான் வெல்ல முடியாத மரம் என்று சொல்லவில்லை.

புயலில் நின்ற பனைக்குக் குளிர்தான் எமன். 2021 பிப்ரவரி உறைபனியில் டெக்சாஸ் கடற்கரையில் ஒல்லியான வாஷிங்டோனியாப் பனைகள் கருகி நின்றன. சபால் பனைகள் பெரிதாக அசரவில்லை. கிளை மரத்துக்கு ஒரு மொட்டு போனால் இன்னொன்று துளிர்க்கும். ஒற்றைத் தண்டுப் பனைக்கு இருப்பது ஒரே குருத்து. அது செத்தால் மரமே போச்சு. ஆனால் அது மட்டைகளின் அடியில் பொதிந்து கிடப்பதால், ஓலை மொத்தமும் காய்ந்த பிறகும் உயிரோடு இருக்கலாம்.

இங்கேதான் ரம்பம் அவசரப்படுகிறது. நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் நம்பிக்கை உண்டு. நாற்றத்தோடு கையில் வந்தால் அழுகல். அப்போதும் தாமிரப் பூஞ்சைக்கொல்லி ஊற்றிக் காத்திருந்தால் சில மரங்கள் பிழைக்கும். கோடை வெயில் ஏறும்வரை பொறுத்தால் மரமே பதில் சொல்லிவிடும்.

இதெல்லாம் நம்மூர் மரமேறிக்குத் தெரியாததா? காண்டாமிருக வண்டு குடைந்த தென்னையில் அவர் முதலில் பார்ப்பது குருத்தைத்தான். மழைக்கு முன்னால் ரம்பத்தோடு உங்கள் தெருவுக்கு வருபவர்களிடம், மேலே ஏறிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லையென்றால் கூலி கொடுக்காதீர்கள்.