வீட்டிலேயே விமானம் செய்து பறக்கலாமா? ஆட்டோஜைரோ என்றால் என்ன?

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் இருப்பது காரைக்குடிக்காரர்களுக்குத் தெரியும். வீட்டிலேயே அசெம்பிள் செய்த ஆட்டோஜைரோவை அங்கே கொண்டுபோய் பறக்கவிட முடியுமா?

1923-ல் ஸ்பெயினில் ஹுவான் டி லா சியர்வா பறக்கவிட்ட வகை இது. பார்க்க ஹெலிகாப்டர் மாதிரிதான் இருக்கும். ஆனால் பறக்கும்போது மேலே உள்ள இறக்கையை இன்ஜின் சுற்றாது, காற்றுதான் சுற்றும். 1950-களில் அமெரிக்காவின் இகோர் பென்சன் இதை உதிரிபாக கிட்டாகவே விற்றார்.

இன்ஜின் நின்றாலும் மெல்ல இறங்கிவிடலாம். ஆபத்து வேறு இடத்தில். ஸ்டிக்கை சட்டென முன்னே தள்ளினால் மேல் இறக்கைக்கு காற்று குறையும். பிறகு மீட்பது கஷ்டம். சரியான பயிற்சி இல்லாமல் பறந்து உயிரை விட்டவர்கள் உண்டு.

அதனால்தான் இந்தியாவில் டிஜிசிஏ அனுமதி கட்டாயம். கிட்டும் ஓடுதளமும் மட்டும் இருந்தால் போதாது.