'தாழ்நிலை' என்று யாரைச் சொல்கிறோம்?

குரங்கையும் சாலமாண்டரையும் ஒப்பிடுவதே அபத்தம், ஒன்று உயர்நிலை விலங்கு, மற்றொன்று தாழ்நிலை விலங்கு என்று கருத்தரங்குகளில் இன்றும் கூசாமல் சொல்கிறார்கள். விலங்கியலில் முதுகலை பயின்றோரே சொல்வதுதான் வேதனை. இவ்விரு மரபுகளின் பொது மூதாதை சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அன்றிலிருந்து இரண்டும் ஒரே அளவு காலம் பரிணமித்து வந்துள்ளன. சாலமாண்டர் நம் பாட்டனும் அன்று. குரங்காக முயன்று பாதியில் நின்றுபோன உயிரும் அன்று.

சிக்கலான அமைப்பே அளவுகோல் என்பர் சிலர். மெக்சிகோவின் ஆக்சலாட்டல் என்னும் சாலமாண்டரின் மரபணுத்தொகையில் ஏறத்தாழ 3,200 கோடி கார இணைகள். செம்முகக் குரங்கினதில் சுமார் 300 கோடி. (முன்னதில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் தொடர்களே, ஆதலால் சாலமாண்டரை ஏணியின் உச்சியில் ஏற்றவும் நான் வரவில்லை.) இழந்த காலை எலும்பு, தசை, நரம்போடு மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு, குரங்குக்கும் நமக்கும் இல்லை. குரங்கின் சமூக வாழ்வு சாலமாண்டரிடம் இல்லை என்பதும் உண்மையே. இவை வேறுபாடுகள். இவற்றை ஏணியாக அடுக்கியது நாம்.

இது வெறும் சொற்பூசல் அன்று. கிழக்கு இமயத்தையே எடுத்துக்கொள்வோம். அருணாசலப் பிரதேசத்தின் தவாங், மேற்கு காமெங் மாவட்டங்களில் வாழும் மக்காக்கா முன்சாலா என்னும் குரங்கு 2005இல் விவரிக்கப்பட்டபோது, 1903க்குப் பின் அறிவியல் பெயர் பெற்ற முதல் புதிய மக்காக் இனம் அது என்று உலகம் வியந்தது. வியக்கத்தக்கதே. டார்ஜிலிங் மலைச் சாலமாண்டரோ, 1871இல் சீனத்தின் யுன்னான் பகுதி இனத்துக்கு இடப்பட்ட பெயரையே 2015 வரை சுமந்தது. அதன் பிறகே டைலோடோட்ரைட்டான் ஹிமாலயானஸ் என்ற தனிப்பெயர் கிடைத்தது. 144 ஆண்டுகள்!

தனிப்பெயர் இல்லாத இனத்துக்குத் தனிக் கணக்கும் இல்லை. இங்கே அழிந்தாலும் யுன்னானில் இருக்கிறதே என்று கோப்பை மூடிவிடலாம். முன்சாலாவுக்கும் இடர் குறைவன்று. பயிரை உண்பதற்காக அதைக் கொல்கிறார்கள். எனினும் காடு குறைந்தால் குரங்குக் கூட்டம் அடுத்த சரிவையேனும் நாடிப் பார்க்கலாம். மழைக்காலத்தில் குட்டை தேடி ஊர்ந்து வந்து முட்டையிடும் சாலமாண்டருக்கு அந்த வசதி இல்லை. அதன் குஞ்சுகள் செவுள்களால் மூச்சுவிடுபவை. குட்டையைத் தூர்த்து விடுதி கட்டினால் அந்த ஆண்டின் தலைமுறையே இல்லை.

பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்களே, 'தாழ்நிலை முதுகெலும்பிகள்' என்னும் தலைப்பை முதலில் நீக்குங்கள். முதலாண்டு மாணவர் அங்கே கற்கும் அலட்சியத்தைத்தான் பின்னாளில் ஆய்வு நிதிக் குழுக்களிலும் காண்கிறோம்.