நாம் அறிய வேண்டிய செடிகள்: முடவாட்டுக்கால்

விடுமுறையில் ஊருக்குச் சென்று கொல்லிமலையும் கண்டு திரும்பும் அன்பர்கள், அதன் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் அறப்பளீசுவரர் கோயிலையும் பற்றிக் கூறுவதோடு, பழுப்பு நிற உரோமம் போர்த்த கிழங்கு ஒன்றையும் பையிலிருந்து எடுத்துக் காட்டுவதுண்டு. பார்வைக்கு ஆட்டின் காலை ஒத்திருக்கும் இதனை முடவாட்டுக்கால் என்பர். முடவனையும் நடக்கச் செய்யும் என்பது மக்கள் கூறும் பெயர்க்காரணம். மேல்தோலைச் சீவி நறுக்கி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுச் சாறு வைத்து அருந்துவர். மூட்டு வலிக்கு அது எந்த அளவு உதவும் என்பதை மருத்துவர்களிடம் விட்டுவிடுவோம். அதனைத் தரும் செடியை அறிந்துகொள்வதே இம்மாதம் நமது நோக்கம்.

உண்மையில் அது கிழங்குமன்று, வேருமன்று. பாறையைத் தழுவிப் படரும் தண்டே அது. ஆட்டு மயிர் போலத் தோன்றுவது தண்டைப் போர்த்தியுள்ள மெல்லிய செதில்களின் கூட்டம். செடியோ பெரணி இனத்தைச் சேர்ந்தது, பூப்பதுமில்லை, காய்ப்பதுமில்லை. 1753-ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்ட லின்னேயஸ், ஓக் மரத்து இலையை ஒத்த இலையுடையது என்று பொருள்படும் சொல்லைத் தேர்ந்தார். டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்பது நூல்களில் வழங்கும் பெயர்.

மண்ணே இல்லாத பாறையில் இது எவ்வாறு வாழ்கிறது? விடை இதன் இலைகளில் இருக்கிறது. இச்செடிக்கு இருவகை இலைகள் உண்டு. ஒருவகை, நீண்ட காம்புடன் உயர்ந்து, ஆழமாகப் பிளவுபட்டுப் பச்சையாக நிற்கும். உணவு தயாரிப்பது அதன் பணி. மற்றொரு வகைக்குக் காம்பில்லை. குட்டையாய், அகன்று, தண்டை ஒட்டிக் கூடை போல் கவிந்திருக்கும். இது விரைவிலேயே பசுமை இழந்து பழுப்புத் தாள் போலாகிவிடும், எனினும் உதிர்வதில்லை. காற்றில் வரும் சருகும் தூசியும் இக்கூடையில் தங்கி, மழையில் மக்கி உரமாகின்றன. செடியின் வேர்கள் அதற்குள் புகுந்து ஈரமும் உணவும் பெறுகின்றன. தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்ளும் செடி இது!

கோடையில் பச்சை இலைகளின் மடல்கள் உதிர்ந்து, நடு நரம்பு மட்டும் மீன்முள் போல நிற்கும். செடி பட்டுவிட்டது என்றே தோன்றும். ஆனால் சதைப்பற்றுள்ள தண்டு தன் நீரைக் காத்துக் கிடந்து, மழை கண்டதும் துளிர்விடும். இனப்பெருக்கம் இலையின் அடிப்புறத்துப் புள்ளிகளில் உண்டாகும் நுண்ணிய சிதல்களால் நடைபெறுகிறது. சிதல் ஈரமான இடத்தில் விழுந்து, சிறு பச்சைத் தகடாக வளர்ந்து, அதன் மீது நீர் படிந்தால்தான் புதுச்செடி தோன்றும். வெயிலில் காயும் பாறையில் இது எளிதில் நிகழ்வதன்று.

ஆகவே தண்டை முழுவதும் பெயர்த்தெடுத்தால், நாம் எடுப்பது ஒருவேளைச் சாறுக்கான பொருளை மட்டுமன்று. பல ஆண்டுகள் சேர்ந்த மக்கும் பிடிப்பின்றி மழையில் கரைந்தோடும். எஞ்சுவது வெறும் பாறை. துளிர் தோன்றும் நுனியுடன் ஒரு பகுதியை விட்டுவைத்தால் அது மீண்டும் படரும்.

மும்பை, புனே வட்டாரத்து அன்பர்கள் இதனைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்களிலும் பாறைகளிலும் இது வளர்கிறது. மராத்தியர் இதனைப் 'பாசிங்' என்பர். அது மணமகன் நெற்றியில் கட்டும் அணியின் பெயர். 

முடவாட்டுக்கால் வாங்கி வந்தவர்கள் ஒன்று செய்யலாம். மென்முளை கெடாத நுனித்துண்டு ஒன்றைச் சீவாமல் எடுத்து வையுங்கள். நிழலிலுள்ள மரத்தின் சொரசொரப்பான பட்டையில் தென்னங்கயிற்றால் கட்டலாம். அல்லது உடைத்த செங்கல்லும் சருகும் நிரப்பிய தொட்டியின் மேல் கிடத்தலாம். மண்ணில் புதைத்தல் ஆகாது, அழுகிவிடும். அவ்வப்போது நீர் தெளித்து வாருங்கள். வேரூன்றிவிட்டால், அடுத்த முறை வாங்க வேண்டிய தேவை இராது; மலையிலும் ஒரு செடி பிழைத்திருக்கும்.