பிரட்டுக்களத்துக்கு வந்த இயந்திரமும் நமது கைரேகையும்



நமது பாட்டன் பூட்டன் காலத்தில் ‘துண்டு’ என்றொரு கடதாசி இருந்தது. தொழிலாளி பட்ட கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனைப் புதிய தோட்டம் கட்டினால்தான் ஆள் இடம் மாறலாம். எழுதியது சரியா பிழையா என்று கேட்க எழுத்தறியாத நம்மவர்களுக்கு வழியிருக்கவில்லை. 1921 ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இன்று பல தோட்டங்களில் கொழுந்து நிறுக்க இலத்திரனியல் தராசு வந்துவிட்டது. சில இடங்களில் பிரட்டுக்களத்தில் கைரேகை இயந்திரமும் வைக்கிறார்கள். இவற்றை நாம் எதிர்க்கவில்லை. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துப்போன கிலோக்களை யார் மறந்தார்கள்? தராசு காட்டும் நிறையே சம்பளச் சீட்டிலும் ஏறுமானால் நமக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் அந்த இயந்திரத்துக்குள் கொழுந்தின் நிறை மட்டும் போவதில்லை. பெயர், அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், வங்கிக் கணக்கு, கைரேகை என்று எல்லாமே ஓரிடத்தில் சேர்ந்துவிடலாம். அவை தோட்டக் காரியாலயத்தில் இருக்கின்றனவா, இயந்திரத்தை விற்ற கம்பெனியிடம் இருக்கின்றனவா? யார் யார் பார்க்கலாம்? நாம் வேலையை விட்டு நின்ற பிறகு அழிப்பார்களா? பாஸ்வேர்ட் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். கைரேகையை எங்கே போய் மாற்றுவது?

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம், ஆளை அடையாளங்காணப் பயன்படும் கைரேகை போன்றவற்றை விசேட வகைத் தரவாகக் கொள்கிறது. நம்மைப் பற்றிய பதிவைப் பார்க்கவும், பிழையைத் திருத்தக் கேட்கவும் அதில் உரிமை உண்டு. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, பின்னர் தள்ளிப்போடப்பட்டன. அதற்காக நாம் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. தராசில் வைத்தவுடன் நிறை எழுதிய சீட்டு கையில் வரவேண்டும். கைரேகையை வேறெந்தத் தேவைக்கும் எடுக்கக்கூடாது. இவற்றை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம்.

இன்னொன்று. கொழுந்து கிள்ளியும் கவ்வாத்துக் கத்தி பிடித்தும் தேய்ந்த விரலை இயந்திரம் சிலவேளை வாசிக்காது. அதற்காக அரைப்பேர் போடுவதை ஏற்க முடியாது. இக்கருவிகளை உருவாக்கும் இளம் தொழில்முனைவோரைக் குறைசொல்வது நமது நோக்கமல்ல. புதிது கண்டுபிடிப்பவர்கள் வேண்டும். ஆனால் கொழும்பில் குளிரூட்டிய அறையில், கணினி தட்டும் விரலை வைத்துப் பார்த்தது போதாது. மழை நாளில் கொழுந்து மடுவத்துக்கு வந்து, நமது பெண்களின் விரலை வைத்துப் பார்க்கட்டும். லயத்தில் பிறந்து இன்று மென்பொருள் துறையில் இருக்கும் நமது பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். தமிழில் நிறையைச் சொல்லும் தராசை அவர்களே செய்யலாமே!

அதுவரை, சேமலாப நிதியை எடுத்துத் தருவதாகச் சொல்லும் அறியாதவர்களுக்கு அடையாள அட்டைப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்ல வேண்டாம்.

உங்கள் தோட்டத்தில் இயந்திரம் வைத்திருந்தால், மேலே உள்ள கேள்விகளைத் தலைவர், மாதர் தலைவி மூலமாகத் துரையிடம் கேளுங்கள். கிடைத்த பதிலையும், கிடைக்காவிட்டால் அதையும், சங்கக் காரியாலயத்துக்கு எழுதி அனுப்புங்கள்.