பேரளவுத் தரவுச் சேமிப்பகங்கள்: கொள்ளளவைக் காரணம் காட்டிக் காப்பு நகலைத் தவிர்க்கலாமா?

புது தில்லி: தென்கொரியாவின் தேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி நேரிட்ட தீ விபத்தில், அரசு ஊழியர்கள் அலுவல் கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' சேமிப்பகம் அழிந்தது. அதிலிருந்த 858 டெராபைட் தரவுகளுக்கு வேறோர் இடத்தில் 'பேக்அப்' எனப்படும் காப்பு நகல் இல்லை. கொள்ளளவு மிகப் பெரியது என்பதே அதற்கு அந்நாட்டு அதிகாரிகள் கூறிய காரணம்.

மருத்துவமனை ஸ்கேன் படங்கள், நில ஆவணங்கள், கண்காணிப்புக் கேமரா பதிவுகள் எனப் பெருகிவரும் தரவுகள் இந்தியாவிலும் வலையமைப்பில் இணைந்த பெரும் சேமிப்பகங்களில் குவிகின்றன. எனவே, அந்தக் காரணம் ஏற்கத்தக்கதா என்ற கேள்வி இங்கும் முக்கியத்துவம் பெறுகிறது.

சிக்கல் உண்மையானதே. நொடிக்கு 1 ஜிகாபிட் வேக இணைப்பில் 858 டெராபைட்டை நகலெடுக்க ஏறத்தாழ 80 நாள்கள் ஆகும். கோடிக்கணக்கான சிறு கோப்புகளில் மாறியவை எவை எனக் கண்டறியவே பல மணி நேரம் பிடிக்கும். ஆனால், 10 ஜிகாபிட் இணைப்பில் அதே பணி 8 நாள்களாகக் குறையும். முதல் முழு நகலுக்குப் பின்னர், மாற்றமடைந்த பகுதிகளை மட்டும் சேர்த்தால் போதும். 18 டெராபைட் கொள்ளும் எல்டிஓ-9 காந்த நாடாக்கள் 48 இருந்தால் அத்தனை தரவும் அடங்கிவிடும். அவற்றை வைக்க ஓர் அலமாரியே போதும். ஆக, தடையாக நிற்பது தொழில்நுட்பத்தைவிட நிதி ஒதுக்கீடும் முன்னுரிமையுமே.

சேமிப்பகத்தின் உள்பாதுகாப்பையே காப்பு நகலாகக் கருதுவது மற்றொரு தவறு. வட்டு பழுதானால் 'ரெய்டு' அமைப்பு தரவைக் காக்கும். தவறுதலாக அழித்த கோப்பை 'ஸ்னாப்ஷாட்' மீட்டுத் தரும். ஆனால், இரண்டும் அதே கருவிக்குள் இருப்பதால் தீயில் கருவியுடன் சேர்ந்தே அழியும்.

தனித்த நகலின் பயனை தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை கண்டுள்ளது. 2022 நவம்பர் 23-ஆம் தேதி நிகழ்ந்த இணையவழித் தாக்குதலில் அங்கு 5 சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவுகள் முடக்கப்பட்டன. தாக்குதலுக்கு உள்ளாகாத காப்பு சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிடல் தரவுகள் அனைத்தும் மீட்கப்பட்டதாக நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்தது. எனினும், பெரும்பாலான சேவைகள் சீராக இரண்டு வாரங்கள் ஆயின. அதுவரை நோயாளிகள் பதிவு உள்ளிட்ட பணிகள் கையால் எழுதியே மேற்கொள்ளப்பட்டன. நகல் இருப்பது மட்டுமன்றி, அதை எவ்வளவு விரைவாக மீட்க முடியும் என்பதும் முக்கியம் என்பதை இது உணர்த்தியது.

நகலெடுக்கும் பணியிலேயே பிழை நேரவும் கூடும். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் காப்பு நகல் நிரலில் ஏற்பட்ட கோளாறால் சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவுகள் அழிந்தன. இதனால்தான் மூன்று பிரதிகள், இரு வகை ஊடகங்கள், ஒன்றேனும் வெளியிடத்தில் என்ற விதியுடன், குறிப்பிட்ட இடைவெளியில் மீட்டெடுப்பு ஒத்திகையையும் வல்லுநர்கள் வலியுறுத்துகின்றனர்.

2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள், பாதுகாப்பு நடவடிக்கைகளில் ஒன்றாகக் காப்பு நகலையும் குறிப்பிடுகின்றன. இந்தக் கடமை 18 மாதங்களுக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும். எந்தத் தரவு இழக்கவே கூடாதது, எதை மீண்டும் திரட்டிக்கொள்ளலாம் என நிறுவனங்கள் வகைப்படுத்த இந்த அவகாசம் போதுமானது. அனைத்தையும் நகலெடுக்க நிதி இல்லை என்பதற்காக, எதையுமே நகலெடுக்காமல் விடுவது எவ்வளவு விலை கொடுக்கச் செய்யும் என்பதை தேஜான் காட்டிவிட்டது.