பெண் பார்க்கும் நாளும் முகப்பருவும்

 

ஒரு தாயார் எழுதியிருந்த கடிதம் மனத்தை வருத்தியது. அவருடைய மகளுக்கு வயது 19. கன்னங்களில் பரு. பெண் பார்க்க வருவோர் தேதி குறித்துவிட்டனர். உறவுக்காரப் பெண்மணி ஒருவர் கூறிய களிம்பை மருந்துக் கடையில் வாங்கி இரவுதோறும் பூசினார்கள். பத்தே நாள்களில் முகம் பளிங்கு போலாயிற்று, நிறமும் கூடிற்று. அல்ஹம்துலில்லாஹ் என்று மகிழ்ந்து நிறுத்தியபோதுதான் தொல்லை தொடங்கியது. முகமெங்கும் சிவப்பு, எரிச்சல், முன்னைவிட அதிகமான பருக்கள். பூசினால் அடங்குகிறது, நிறுத்தினால் பொங்குகிறது.

அந்தக் களிம்பின் உறையை எடுத்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் என்னும் பெயர்களில் ஏதேனும் இருந்தால் அது ஸ்டீராய்டு. வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்குமே தவிர, பருவின் காரணத்தைத் தீர்க்காது. நாளடைவில் தோல் மெலிந்து, நூல் போன்ற இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். கன்னத்தில் ரோமம் வளரும். புதிய பருக்களையும் அதுவே உண்டாக்கும். மருத்துவர் சீட்டின்றி இத்தகைய களிம்புகளை விற்கலாகாது என்று இந்திய அரசு 2018ஆம் ஆண்டிலேயே விதி செய்தது. ஆயினும் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்போர் உளர். உறையில் எதுவுமே எழுதப்படாத "சிவப்பழகு" களிம்புகள் இன்னும் ஆபத்தானவை. 2023ஆம் ஆண்டில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் அத்தகைய களிம்புகளைப் பூசிய சிலருக்குச் சிறுநீரகமே பழுதுற்றது. அவற்றில் பாதரசம் இருந்தது.

அந்தத் தாயாருக்குச் சொல்வது இதுதான்: களிம்பையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். உடனே நிறுத்துவதா, சிறிது சிறிதாகக் குறைப்பதா என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.

மற்ற சகோதரிகள் முதலில் பருவின் தன்மையை அறிந்துகொள்வது நல்லது. பருவ வயதில் ஹார்மோன்கள் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மயிர்க்கால்களின் வாய் அடைபட்டு, உள்ளே எண்ணெய் தேங்கி, கிருமி பெருகி, சீழ் வைக்கிறது. அழுக்கினால் வருவதன்று. ஆகவே தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதால் பயனில்லை, புண்தான் மிஞ்சும்.

ஐவேளை உளூ செய்யும் நமக்கு முகத்தில் நீர் படுவதற்குக் குறைவில்லை. காலையும் மாலையும் மட்டும் மென்மையான சோப்புப் போட்டால் போதும்; மற்ற வேளைகளில் வெறும் நீரே நன்று. துடைக்கும் துண்டைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அத்துண்டு அவரவர்க்குத் தனியாக இருக்கட்டும். முகத்திரையும் முக்காடும் தாடையிலும் நெற்றியிலும் உராயும் இடங்களில் பரு மிகும். பருத்தித் துணியாக இருந்து, அன்றாடம் துவைக்கப்பட்டால் உராய்வு குறையும். தலையில் வழிய வழிய எண்ணெய் தேய்ப்பதும் நெற்றிப் பருவுக்குக் காரணம். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசி வெயிலில் சென்றால் தோல் வெந்து கறுக்கும். பற்பசையும் வேண்டாம். கிள்ளுவதோ கூடவே கூடாது. பரு போய்விடும், தழும்பு போகாது.

உணவில் நெய்ச்சோற்றையும் கறியையும் பழிப்பவர்கள் பலர். உண்மையில் சர்க்கரைக்கும் மைதாவுக்கும்தான் பருவோடு நெருங்கிய தொடர்பு காணப்படுகிறது; சிலருக்குப் பாலும் ஒத்துக்கொள்வதில்லை. இரத்தத்தில் சர்க்கரை விரைந்து ஏறும்போது இன்சுலின் மிகுந்து, எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. நோன்பு திறக்கும்போது ரோஸ் சர்பத்தும், சமோசாவும், அதன்மேல் இனிப்பும் என்று அடுக்காமல், பேரீச்சம்பழம் இரண்டு, தண்ணீர், கஞ்சி, பழத்துண்டுகள் என்று அமைத்துப் பாருங்கள். மற்ற நாள்களில் கேழ்வரகு, பயறு, கீரை, மீன் ஆகியவை நல்லவை. பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். பத்து நாளில் போக்கிவிடுகிறேன் என்று எவர் சொன்னாலும் ஐயுறுங்கள்.

பெரிய கட்டிகளாக வலித்தாலோ, மாதவிலக்கு முறை தவறி முகத்தில் ரோமமும் மிகுந்தாலோ சினைப்பை நீர்க்கட்டி இருக்கக்கூடும். மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம். அவர் தரும் மாத்திரை ஐசோட்ரெட்டினாயினாக இருப்பின், அது கருவிலிருக்கும் குழந்தைக்குப் பெருங்கேடு செய்யும். ஆதலால் மகளின் நிக்காஹ் நெருங்கியிருந்தால், கூச்சப்படாமல் அதனையும் மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிடுங்கள்.